வயதான அம்மாவோடு காரில் நீலகிரி: ஐந்து இரவுக்கான வழித்துணை

ஊருக்குக் கிளம்புகிற நாளில் உங்கள் அம்மா எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். என் அம்மா முதல் நாள் ராத்திரியிலிருந்தே குறைத்துக்கொள்வார். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். நிறுத்தினாலும் அங்கே கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயம். கேட்டால், "எனக்குத் தாகமே இல்லப்பா" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருக்கு 71 வயது நடக்கும்போது, திருச்சியிலிருந்து ஒரே நாளில் உதகைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அன்று இரவு கட்டிலை விட்டு எழுந்தவர், தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, "இன்னைக்கு எத்தனை தடவை யூரின் போனீங்கம்மா?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலையில கிளம்பும்போது போனது" என்றார். பதினாறு மணி நேரம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த எனக்கு அது தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு முறை நீலகிரிக்குப் போய்வந்துவிட்டோம், இரண்டு முறையும் சந்தோஷமாக. மாற்றிக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, கழிவறை எங்கே, மதியம் எங்கே படுப்பார் என்ற இரண்டை முதலில் முடிவு செய்தேன். மற்றவை அந்த இரண்டையும் சுற்றித் தானாக அமைந்தன. முதல்முறையாக அப்பாவையோ அம்மாவையோ மலைக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக, நாங்கள் போகும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று வாரம் முன்னால்: மருத்துவர்

அறை பதிவு செய்வதற்கு முன்னால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை போய்வாருங்கள். "மலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா போங்க" என்று பதில் வரும், அதனால் பயனில்லை. உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி. உதகை சுமார் 2,240 மீட்டர். உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். நல்ல உடம்புக்கு இந்த உயரம் ஒன்றும் செய்யாது. இதயம் பலவீனமானவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குவார்கள்.

தவறாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ரத்த அழுத்தத்துக்காகவோ கால் வீக்கத்துக்காகவோ நீர் மாத்திரை போடுகிறாரா? பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுக்கிறார் என்றால், சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கண்ணைப் பற்றி ஒன்று, பலருக்கும் தெரியாதது. விழித்திரை அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்திருப்பார்கள். அது முழுக்கக் கரைவதற்குள் மலையேறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய அந்தக் குமிழ் விரியும். கண்ணழுத்தம் எகிறி, பார்வையே போகலாம். விமானம் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், மலைக்கும் அதே விதிதான். அண்மையில் கண்ணில் எந்த அறுவை நடந்திருந்தாலும் கண் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, வாந்தி மாத்திரை. மலைப்பாதை என்றதும் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் அவோமின் போன்ற மாத்திரைகள் முதியவர்களுக்கு லேசானவை அல்ல. கடுமையான தூக்கமும் தடுமாற்றமும் வரலாம், சிலருக்கு நினைவு குழம்பும். புராஸ்டேட் வீக்கம் உள்ள அப்பாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளக்கூடும். கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். அம்மாவுக்கு முன் இருக்கையும் அரை வயிற்றுச் சாப்பாடுமே போதுமாக இருந்தது.

எந்த மாதம்?

பிப்ரவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை என்பது என் தேர்வு. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றால், பக்கத்தில் கழிவறை இல்லாத மலைச்சாலையில் ஒரு முதியவரால் என்ன செய்ய முடியும்? ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும். 2009 நவம்பரில் மண் சரிந்து பல உயிர்கள் போனது இந்தப் பக்கத்தில்தான். மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள்.

வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோடை நாட்களில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வைக்கிறார்கள். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்பதை அரசு இணையதளத்தில் பதிந்து, வீட்டிலேயே அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறு, குஞ்சப்பனைச் சோதனைச்சாவடிகளில் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டிலிருந்தே இரண்டு எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பிளாஸ்கும் கொண்டுபோங்கள். ஊர்களில் தண்ணீர் ஏ.டி.எம்.கள் இருக்கின்றன.

எங்கே தங்குவது?

உதகையில் தங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. போகும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு, மேலே கோத்தகிரியில் இரண்டு இரவு, குன்னூரில் இரண்டு இரவு. உதகையைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். கோத்தகிரி, குன்னூர் இரண்டுமே உதகையைவிட சுமார் 400 மீட்டர் தாழ்வானவை. இரவில் குளிர் தாங்கும்படி இருக்கும், மூச்சும் இலகுவாக இருக்கும். தினம் ஒரு அறை மாறுவதை முதியவர்கள் வெறுக்கிறார்கள். முதல் ராத்திரி புது இடத்தில் தூக்கம் வராது. இரண்டாம் ராத்திரிதான் தூங்குவார்கள். ஆகவே மலைமேல் எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறையாமல் இருங்கள்.

அறையைப் பதிவு செய்யும்போது "கிரவுண்ட் ஃப்ளோர் இருக்கா?" என்று கேட்டால் போதாது. மலையில் கட்டடங்கள் சரிவில் நிற்கின்றன. அவர்கள் தரைத்தளம் என்று சொல்வது, சாலையிலிருந்து முப்பது படி இறங்கினால் வரும் தளமாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "கார் நிக்கிற இடத்துலருந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?" ஐந்துக்கு மேல் சொன்னால் வேறு இடம் பார்ப்பேன். படிக்குக் கைப்பிடி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்தானா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பவற்றையும் கேளுங்கள். குளியலறையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே ரப்பர் விரிப்பு எடுத்துப் போகலாம்.

குளிர் காய்வதற்கு அறைக்குள் கரி அடுப்போ பார்பிக்யூ கரியோ வைக்க எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். மூடிய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மலை ஊர்களில் இதனால் தூக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு. மின் ஹீட்டர் கேளுங்கள். கூடுதலாக இரண்டு கம்பளி கேளுங்கள்.

வண்டியும் இருக்கையும்

அம்மாவுக்கு ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கைதான். தூரத்துச் சாலை கண்ணில் படும்போது குமட்டல் குறைகிறது. காலை நீட்டவும் இடம் கிடைக்கிறது. எதிரில் தெரிகிற மலையும் அவருக்கே. பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் மரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஐந்தாவது வளைவிலேயே தலை கிறுகிறுக்கும்.

உயரமான வண்டி வசதி என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதில் ஏறுவதே பெரும்பாடு. எங்கள் வண்டி சற்று உயரம் என்பதால் ஓரடி உயர மரமுக்காலி ஒன்று டிக்கியில் நிரந்தரமாக இருக்கிறது. ஏறும் முறையையும் வீட்டு வாசலில் இரண்டு தரம் பழக்குங்கள்: முதலில் இருக்கையில் பின்பக்கமாக உட்கார வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கைமேல் ஒரு பட்டுத்துணி விரித்தால் திரும்புவது சுலபம். திரும்பியதும் துணியை உருவிவிடுங்கள், வளைவுகளில் வழுக்கக் கூடாது. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. சீட் பெல்ட் கழுத்தை அறுக்காமல் உயரத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

மருந்தை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்று அம்மாவின் கைப்பையில், மற்றொன்று உங்களிடம். ஒரு பை விடுதியில் மறந்துபோனாலும் மலைமேல் அல்லாட வேண்டியதில்லை. மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் மூன்றையும் எடுங்கள். ஆக்சிமீட்டரில் வீட்டிலேயே மூன்று நாள் பார்த்து எழுதிவைத்தால்தான் மலையில் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். மேலே இரண்டு மூன்று புள்ளி குறைவது இயல்பு.

நான் மிகவும் சிபாரிசு செய்யும் பொருள், மடக்கி வைக்கக்கூடிய டாய்லெட் நாற்காலி. மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். வழியில் இருக்கும் பொதுக் கழிவறைகள் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. முழங்கால் மடங்காதவருக்கு அங்கே போவதும் போகாமலிருப்பதும் ஒன்றுதான். இந்த நாற்காலியை அதன்மேல் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நாற்காலி வண்டியில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கிறார்.

உடுப்பில் ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. காதை மூடும் குல்லா, பிடிமானம் உள்ள சாக்ஸ், பின்பட்டை வைத்த செருப்பு. ஹவாய் செருப்பு வேண்டாம். பனியில் நனைந்த புல்லில் அது சறுக்கும். கைத்தடி இருந்தால் அதன் நுனி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

முதல் நாள்: மேட்டுப்பாளையத்தோடு சரி

மத்தியத் தமிழ்நாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவர்கள் முதல் நாளிலேயே மலையேறாதீர்கள். சமவெளியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அம்மாவை இறக்கி, வண்டியைச் சுற்றி நான்கு நடை நடக்க வையுங்கள். தொடர்ந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும். ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். (இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவு.) "நிறுத்தணுமாம்மா?" என்று கேட்க வேண்டாம். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். "எனக்கு டீ குடிக்கணும், இறங்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

திருச்சி, கரூர்ப் பக்கமிருந்து வந்தால் அவிநாசியில் அன்னூர் வழியாகத் திரும்புங்கள். கோவை நகர நெரிசலுக்குள் போகாமலே மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். மாலை ஐந்துக்குள் அறைக்குப் போய்விடுங்கள். பெட்ரோலை அங்கேயே நிரப்பி, டயர் காற்று, பிரேக், வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கோத்தகிரிப் பாதை

காலை இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் இல்லாமல். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து, ஏழரை மணி வாக்கில் கிளம்புங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக இரண்டு பாதை. குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். லாரியும் பேருந்தும் அதிகம். கோத்தகிரிப் பாதையில் வளைவுகள் அவ்வளவு நெருக்கமில்லை. சுமார் 33 கிலோமீட்டர். முதியவர்களுக்கு இதுவே நல்லது. கோடை சீசனில் மட்டும் ஒருவழிப் பாதையாக்கி, ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று மாற்றுவார்கள். சீசனைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

இந்த 33 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழக் காலத்தில் ரொம்பவே. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. மற்ற இடங்களில் அகலமான ஓரம் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், புளிப்பு மிட்டாய் ஒன்று கொடுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கும்போது அடைப்பு இன்னும் கடுமையாக இருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குப் போனதும் அன்று வேறு ஒன்றும் கிடையாது. சாப்பாடு, தூக்கம், மாலையில் வராந்தாவில் நாற்காலி போட்டு ஒரு டீ. உதகை வர்க்கியை டீயில் நனைத்தால் பல் இல்லாதவர்களும் ருசித்துச் சாப்பிடலாம். புவிசார் குறியீடு பெற்ற பலகாரம் அது. அம்மா தினம் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

ராத்திரி ஒரு முக்கிய வேலை உண்டு. கட்டிலிலிருந்து கழிவறை வரை நீங்களே விளக்கை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். பெட்டி இடறுகிறதா, வாசற்படி உயரமா, சுவிட்ச் எட்டுகிறதா? குளிரில் இரவுக்கு மூன்று நான்கு முறை எழுந்திருப்பார்கள். பழக்கமில்லாத அறையில் விழுவது அப்போதுதான். சுவரில் செருகும் சின்ன இரவு விளக்கை வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கழிவறைப் பக்கம் மாட்டுங்கள். எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: கோடநாடு

குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். அதிகாலையில் அது கூடுதல். விடிந்ததும் குளிக்கிற பழக்கத்தை மலையில் ஒத்திப்போடச் சொல்லுங்கள். அம்மா குளிக்காமல் காபி குடிக்க மாட்டார். "முகம் கை கால் கழுவி விபூதி வச்சுக்கோங்க, பத்து மணிக்குக் குளிக்கலாம்" என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையே பாதி சுகம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடை குறைவு. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். அங்கிருக்கும் காட்சிக் கோபுரத்தில் ஏற வேண்டியதில்லை. கீழிருந்தே காட்சி முழுசாகக் கிடைக்கிறது. என் அம்மா அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றார். சீக்கிரம் கிளப்பாதீர்கள். நாம் படம் எடுத்து முடித்ததும் நமக்கு இடம் முடிந்துவிடுகிறது. அவர்கள் அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பிக்கிறார்கள்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மாலை தெம்பாக இருந்தால் கண்ணேரிமுக்கு. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்து கட்டிய பங்களா, இப்போது நினைவகம். தெம்பில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நான்காம் நாள்: குன்னூர்

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு இருபது கிலோமீட்டர்தான். வழியெல்லாம் தேயிலை. அவசரமில்லாமல் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். அறையில் பெட்டியை வைத்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் சிம்ஸ் பூங்கா. 1874-ல் உண்டான இந்தப் பூங்கா கிண்ணம்போலக் கீழே இறங்குகிறது. இறங்குவது சுகம்; திரும்ப ஏறுவதுதான் கஷ்டம். மேல்வாசல் பக்கத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்து பெரிய மரங்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள்: ரயிலில் உதகை

இந்தப் பயணத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த நாள் இது. மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற எல்லோரும் ஆசைப்படுவார்கள். 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நெருக்கமான இருக்கை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது நீளம். குன்னூரிலிருந்து உதகைக்கு சுமார் 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் வரும். கேத்திப் பள்ளத்தாக்கு விரியும்போது பெட்டியில் எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள். கூட்டத்தில் முண்டியடித்து ஏறுவது முதியவர்களால் ஆகாது. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்த ரயில் என்று சொன்னபோது அம்மா கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வது சுரங்கத்துக்குள் போனதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தியதைத்தான்.

ஒருவர் அம்மாவோடு ரயிலில் ஏற, மற்றவர் காரை உதகை நிலையத்துக்கு ஓட்டி வரலாம். நீங்கள் இருவர் மட்டும் என்றால் காரைக் குன்னூரிலேயே விட்டுவிட்டு உதகையில் ஆட்டோ பிடியுங்கள்.

உதகையில் ஓரிடம் போதும். 1848-ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவின் கீழ்ப்பகுதிப் புல்வெளி, அல்லது ஏரிக்கரை. ரோஜாப் பூங்கா அடுக்கடுக்கான படிகள், முழங்கால் பாவம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், காற்றும் குளிரும் அதிகம். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கார் கையில் இருந்து, தெம்பும் இருந்தால் கூடலூர்ச் சாலையில் பைக்காரா பக்கம் இருபது கிலோமீட்டர் போய்வரலாம். மேடு பள்ளமாக விரியும் புல்வெளிகளை இறங்காமலே பார்க்கலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை வேண்டாம்: 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து, வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதுமில்லை.

மாலை நான்கு மணிக்குள் குன்னூருக்குத் திரும்பிவிடுங்கள். ஐந்துக்கு மேல் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வரைபடச் செயலி "பத்து நிமிஷம் மிச்சம்" என்று எஸ்டேட் குறுக்குவழி காட்டினால் நம்பாதீர்கள். பெரிய சாலையிலேயே வாருங்கள்.

உடம்பு சொல்லும்போது

அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். பேச்சு குறைவது, டீ வேண்டாம் என்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, நடை தள்ளாடுவது, இவைதான் அறிகுறி. சர்க்கரை நோயாளி திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, எரிச்சலாகப் பேசினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். தெளிவாக விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் பாரம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, ஆக்சிமீட்டரில் 90-க்குக் கீழே போவது, எதுவானாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை, கோத்தகிரியில் அரசு மருத்துவமனை, உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நீங்கள் தங்கும் அறையிலிருந்து அங்கே போகும் வழியை முதல் நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மலைமேல் சில வளைவுகளில் செல்பேசிச் சிக்னல் கிடைக்காது.

ஆறாம் நாள்: இறக்கம்

இறங்கும் நாளில்தான் ஓட்டுபவர் அதிகம் கவனிக்க வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்கக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது நாம்தான். வளைவுக்கு முன் ஹாரன், வளைவில் முந்துவதில்லை. ஓரமாக நிறுத்தினால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே அம்மாவை இறக்குங்கள். நமக்குச் சாதாரண வேகமாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவர் கழுத்துக்கு அப்படி இருக்காது. வளைவில் அவர் கை கதவுப்பிடியை இறுக்குகிறதா என்று பாருங்கள். இறுக்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

குன்னூரிலிருந்து நேரே இறங்கலாம்; நாங்கள் மறுபடி கோத்தகிரி வந்து, வந்த வழியே இறங்குகிறோம். பாதி மலை இறங்கும்போது வெக்கை தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு அடுக்கு உடுப்பைக் கழற்றி, தண்ணீர் கொடுங்கள். குளிரில் தாகம் தெரியாமல் இருந்த உடம்பு சமவெளி வெயிலில் சட்டென்று வாடும். முடிந்தால் அன்றே வீடுவரை ஓட்டாமல் கோவைப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டு, படுத்து எழுந்து போங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மாவுக்கு எந்த வேலையும், விருந்தாளியும் வைக்காதீர்கள். பயணத்துக்காக மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் மருத்துவர் சொன்னபடி பழைய நேரத்துக்குத் திருப்புங்கள். மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் ஒருமுறை பார்த்து அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள். டிக்கியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கும்போது முக்காலியையும் டாய்லெட் நாற்காலியையும் மட்டும் இறக்க வேண்டாம். எங்கள் வண்டியில் அவை அப்படியே இருக்கின்றன, போன வாரம் அம்மா, "வால்பாறைக்கு எத்தனை வளைவுப்பா?" என்று கேட்டார். நாற்பது என்றேன். "மெதுவா போனா ஆகாதா?" என்றார்.